ஆரையம்பதியில் நிற்கும் பழைய லைட் ஏஸ் வேனை என்ன செய்யலாம்?

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மப்பா தயிர்ச் சட்டி ஏற்றி ஓடிய டொயோட்டா லைட் ஏஸ், முதல் மொடல், கேஎம்10. நடுவில் ஸ்ரீ எழுத்து வரும் பழைய நம்பர். மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதி வீட்டுக் கொட்டிலில் பதினைந்து வருடமாக நிற்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது, சுற்றவில்லை. கராஜில் காட்டியபோது, "3கே எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு 5கே போடுங்கள், இல்லாவிட்டால் டீசல் எஞ்சின் போடுங்கள், இரண்டும் சரிவராவிட்டால் இரும்புக்குக் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். இதைச் செய்வது பிரயோசனமா, எஞ்சினை வைத்திருப்பதா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் செய்யுங்கள். 3கே எஞ்சினை எறிய வேண்டாம். ஆனால் வேலையை எஞ்சினில் தொடங்காதீர்கள், தகரத்தில் தொடங்குங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

லைட் ஏஸ் ஜப்பானில் 1970 இல் வந்தது. 1979 இல் வந்த அடுத்த மொடலான கேஎம்20 தான் நம் தெருக்களில் கொஞ்சக் காலம் முன்புவரை கண்ணில் பட்டது. உங்களிடம் இருப்பது அதற்கும் முந்தியது. கிழக்கில் இன்று இப்படி ஒன்று முழுதாக நிற்பதைக் காண்பது மிக அரிது. ஆனால் அதற்குள் இருக்கும் எஞ்சின் அரிதானதே இல்லை. 1966 இல் முதல் கொரோலாவோடு வந்த கே குடும்பத்து எஞ்சின் அது. கேஈ30, கேஈ70, டீஎக்ஸ் வேகன் என்று இலங்கை முழுக்க ஓடிய கார்களில் இதே எஞ்சின், அல்லது இதன் அண்ணன் தம்பிகள்தான். வார்ப்பிரும்பு புளொக், அதன்மேல் மூடும் அலுமினிய ஹெட், செயினில் சுற்றும் கேம், கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் புஷ் ரொட். சாமான் வேண்டுமென்றால் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் அரை நாள் நடந்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும். முன் கண்ணாடிக்கும், அதைச் சுற்றிய றப்பருக்கும், முன் முகத்துத் தகரத்துக்கும் அங்கே போய் நின்றால் கையை விரிப்பார்கள். அதனால்தான் தகரம் முதலில் என்கிறேன். தகரம் போய்விட்டால் எவ்வளவு நல்ல எஞ்சின் இருந்தும் வேன் இல்லை.

சரி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, சுனாமி வந்த அன்று, இந்த வேன் எங்கே நின்றது?

இதைச் சும்மா கேட்கவில்லை. என்னிடம் இருக்கும் வேனும் கேஎம்10 தான், கல்லடியில் வாங்கினேன். வாங்கும்போது வெளித் தகரம் பளிச்சென்று இருந்தது, யாரோ பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவுப் படிக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரத்தில் ஓர் இறப்பர் மூடியைக் கழற்றிவிட்டு விரலை விட்டேன். உள்ளே மெத்தென்று ஏதோ இருந்தது. ஸ்குரூ ட்ரைவரால் கிளறினேன். அரைக் கைப்பிடி கடல் மணல் கொட்டியது, நடுவில் நகக்கண் அளவு சிப்பி இரண்டு. அந்த மணலைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வேன் அன்று எங்கே நின்றிருக்கும், அதைச் சுற்றி யார் நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. விற்றவரிடம் கேட்கவும் மனம் வரவில்லை. அந்த மணலை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு இன்றும் வைத்திருக்கிறேன்.

ஆகவே முதல் நாள் வேலை இதுதான். ஒரு டோர்ச், ஒரு மெல்லிய ஸ்குரூ ட்ரைவர். படிக்குக் கீழ்ப் பெட்டித் தகரம், கதவுகளின் அடி, சில்லு வளைவுகளின் பின்பக்கம், முன் இருக்கைக்குக் கீழே எஞ்சின் மூடியைச் சுற்றிய விளிம்பு, கூரையோரத்துத் தண்ணீர்க் கால்வாய், முன் கண்ணாடி றப்பருக்குக் கீழ் விளிம்பு. ஒவ்வோர் இடத்திலும் ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், உள்ளே கறள் தின்றது பொத்தென்று கேட்கும். உங்கள் வேனில் இன்னோர் இடமும் பார்க்க வேண்டும். தயிர் ஏற்றிய வண்டி அல்லவா, பின் தளத்தில் சட்டி கவிழ்ந்து புளித்த தண்ணீர் வருடக்கணக்காக ஊறியிருக்கும். அது பெயின்டைத் தூக்கிவிட்டுத் தகரத்தைத் தின்னும். மேலே போட்டிருக்கும் பலகையையோ விரிப்பையோ கழற்றாமல் அது தெரியாது.

அடியில் நீளமாக ஓடும் சட்டங்களையும், வில்லுத் தகடு பூட்டியிருக்கும் இடங்களையும் ஜாக்கியில் ஏற்றிப் பாருங்கள். இந்த இரண்டும் திடமாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் வெட்டி ஒட்டலாம். இவை நொறுங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

இனி உப்பு. நம் கடற்கரையில் கறள் வேலை பார்க்கிறவர்களில் பலர் செய்யும் தவறு, கறளைச் சுரண்டிவிட்டு நேராக பிரைமர் அடிப்பது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த தகரத்தின் நுண்குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். பெயின்டுக்கு அடியில் இருந்துகொண்டே அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், அதுவும் கார்த்திகை மாதத்தில். தை பிறப்பதற்குள் கூரைக் கால்வாய் நெடுக மிளகு அளவில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. அவ்வளவையும் திரும்ப உரித்தேன்.

சரியான முறை இது. சுரண்டியபின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், தேய்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், காயவிடுங்கள், திரும்பக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஆரையம்பதிக் கிணறுகளில் பலவற்றில் உவர் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் எடுங்கள். கடைசிக் கழுவலுக்குப் பிறகு தகரத்தை வெறுமனே ஓர் இரவு விட்டுவிட்டு விடியப் போய்ப் பாருங்கள். முழுத் தகரமும் ஒரே மாதிரி இலேசாக மங்கியிருந்தால் பரவாயில்லை. அங்கங்கே கறுத்த, ஈரமான புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் உப்பு இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டும். என் வேனின் பின் தளத்தை ஐந்து தடவை கழுவினேன். ஆறாவது காலையில்தான் புள்ளி இல்லாமல் கிடந்தது.

ஓட்டை விழுந்த இடத்தில் பேஸ்ட் அப்ப விடாதீர்கள். அழுகிய தகரத்தை நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்து, ஒரு மி.மீ.க்குக் கிட்டிய புதுத் தகரத்தை வளைத்து வைத்து, மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக ஒட்டச் சொல்லுங்கள். இந்த வேனின் பக்கங்கள் பெரிய சமதளத் தகரம். ஒரே இழுவையில் வெல்டிங் இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும், பிறகு எந்த ரிங்கரிங் வேலைக்காரராலும் நேராக்க முடியாது. இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி அடுத்த புள்ளி, ஆறவிட்டுத் திரும்பி வந்து இடைவெளியை நிரப்புவது. பொறுமை இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். பிறகு எபொக்சி பிரைமர், பொருத்துகளில் சீலர், பெட்டித் தகரங்களுக்குள்ளே மெழுகு கலந்த ஒயில்.

பெயின்ட் அடிக்கும் காலத்தையும் யோசியுங்கள். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை நமக்கு மாரி, அப்போது அடிக்கவே கூடாது. வைகாசி கழிந்து கச்சான் காற்றுத் தொடங்கினால் ஈரம் இருக்காது, ஆனால் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிடும். மாசிப் பிற்பகுதியிலிருந்து சித்திரை வரைதான் நல்ல காலம்.

முன் கண்ணாடியைக் கழற்றும்போது கெம்பக் கூடாது. பழைய றப்பரை பிளேட்டால் சுற்றி அறுத்து எறிந்துவிட்டு, இரண்டு பேர் உள்ளே இருந்து உள்ளங்கையால் தள்ளுங்கள், ஒருவர் வெளியே பிடியுங்கள். றப்பர் போனால் அதே வாயுள்ள றப்பரை முழம் கணக்கில் வாங்கி வெட்டிப் பொருத்தலாம். கண்ணாடி போனால் போனதுதான்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். 3கே என்பது 1166 சி.சி. சிலிண்டர் வாய் 75 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 66 மி.மீ. 4கே எஞ்சினுக்கும் அதே 75 மி.மீ. வாய்தான், தூரம் மட்டும் 73. 5கே எஞ்சினுக்கு வாயும் 80.5 ஆகப் பெருக்கிறது, 1486 சி.சி. கராஜ்காரர் 5கே போடச் சொன்னது கெட்ட யோசனை அல்ல, ஒரே குடும்பம் என்பதால் அதிகம் வெட்டாமல் பொருந்தும். டீசல் மட்டும் வேண்டவே வேண்டாம். பாரம் கூடிய எஞ்சினின் உதறலை ஐம்பது வருடத் தகரம் தாங்காது, ஒட்டிய இடமெல்லாம் திரும்ப வெடிக்கும். என் நிலைப்பாடு: புளொக் வெடித்திருந்தால் மட்டும் 4கே அல்லது 5கே. அப்போதும் பழைய புளொக்கில் ஒயில் பூசி, பொலித்தீனில் சுற்றி வீட்டில் வையுங்கள். வாகனப் புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பர் அந்தப் புளொக்கில் அடித்த நம்பர்தான். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய்ப் புத்தகத்தையும் திருத்த வேண்டிவரும். புத்தகம் இன்னும் அம்மப்பாவின் பெயரில் இருந்தால் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் சரிக்கட்டுங்கள்.

ஆனால் இறுகிய எஞ்சின் என்றால் செத்த எஞ்சின் என்று அர்த்தமில்லை. எஞ்சின் நிற்கும்போது நாலு சிலிண்டரில் ஏதோ ஒன்றிலோ இரண்டிலோ வால்வு திறந்தபடி நிற்கும். அந்த வழியாகக் கடற்காற்று உள்ளே போய் சிலிண்டர் சுவரில் ஒரு வளையம் மாதிரிக் கறள் பிடிக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அநேகமாக இவ்வளவுதான் நடந்திருக்கும். ஸ்டார்ட்டரைப் போட்டு அடிக்காதீர்கள். உழவு மெசினில் கட்டி இழுக்கவும் விடாதீர்கள். என் எஞ்சினை ஒரு கராஜில் அப்படித்தான் மூன்றாம் கியரில் போட்டு இழுத்தார்கள். இறுகி நின்ற ஒரு வால்வு அசையாமல் அதன் புஷ் ரொட் வளைந்தது, ஒரு பிஸ்டனின் ரிங் மூன்று துண்டானது. பொறுமையாகச் செய்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்.

இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் காலடியில் கிடக்கும், வேலை செய்ய வசதியான வண்டி இது. நாலு பிளக்கையும் கழற்றுங்கள். மண்ணெண்ணெயும் ஏ.டி.எஃப். ஒயிலும் (ஓட்டோ கியர் ஒயில்) சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு முட்டைக்கோப்பை அளவு ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். எந்தச் சிலிண்டரில் மட்டம் குறைகிறதோ அதில் ஒயில் ரிங்கைத் தாண்டி இறங்குகிறது. குறையாமல் நிற்பதுதான் அநேகமாகப் பிடித்திருக்கும் சிலிண்டர். ஒரு கிழமை கழித்து ராக்கர் மூடியைத் திறந்து, அஜஸ்டர்களை முழுக்கத் தளர்த்தி, வரக்கூடிய புஷ் ரொட்களை உருவி எடுங்கள். வால்வு இறுகியிருந்தாலும் அப்போது ரொட் வளையாது. எடுத்த ரொட்களை ஒரு காட்போட் மட்டையில் ஓட்டை போட்டு 1 முதல் 8 வரை எழுதிக் குத்தி வையுங்கள், பழைய இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். கியரை நியூட்ரலில் விட்டு, கிராங்கின் முன் புல்லி போல்ட்டில் நீளப் பிடியுள்ள ஸ்பனரைப் பூட்டி, இறுக்கும் பக்கம் கொஞ்சம், மற்றப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டுங்கள். முழுப் பலத்தையும் போடக் கூடாது. மயிரிழை அசைந்தாலே போதும், மறுபடி ஊற்றிவிட்டு நாளைக்கு வாருங்கள். எனக்கு ஒன்பதாவது நாளில் அசைந்தது. "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், பிறகு ஸ்பனர் வெண்ணெயில் போவதுபோலப் போனது. இரண்டு கிழமையாகியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி மேலிருந்து பாருங்கள்.

அசைந்தாலும் அப்படியே ஸ்டார்ட் பண்ணாமல் ஹெட்டைக் கழற்றத்தான் சொல்வேன். நம் பக்கத்தில் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது பழக்கம். உவர்த் தண்ணீரில் இரும்புப் புளொக்கும் அலுமினிய ஹெட்டும் ஒன்றாக ஊறினால் அரிபடுவது அலுமினியம். தண்ணீர் ஓட்டைகளின் வாய், பிஸ்கட்டை எலி கடித்ததுபோல இருக்கும். கஸ்கட் உட்காரும் இடம் வரை அது வந்திருந்தால் ஆர்கன் வெல்டிங்கில் நிரப்பி, லேத்தில் மட்டம் தட்டி எடுக்கலாம். இனிமேல் கூலன்ட் தவிர எதையும் ஊற்றாதீர்கள்.

சிலிண்டர் தேய்மானம் பார்க்க விலை கூடிய கருவி வேண்டாம். ஒரு பழைய ரிங்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் போதும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக்கி, மேலே, தேய்ந்த பகுதியில் அதன் வாய் இடைவெளியை அளவுங்கள். பிறகு ரிங் உரசாத அடிப்பகுதிக்குத் தள்ளித் திரும்ப அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் சிலிண்டர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று வரும். மேலே 0.70, கீழே 0.40 என்றால் வித்தியாசம் 0.30, அதாவது சுமார் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. இந்த அளவு என்றால் சிலிண்டர் சுவரை இலேசாக உரசி எடுத்து (ஹோன் அடித்து) புது ரிங் போட்டு ஓடலாம். 0.2 ஐத் தாண்டினால் சிலிண்டரைக் கடைந்து பெருக்கி (போர் அடித்து) அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். ரிங் வாங்கப் போகும்போது பழைய ரிங்கையும் பிஸ்டனையும் கையோடு கொண்டுபோங்கள். 75 மி.மீ. என்று வாயால் சொன்னால் தடிப்பு வேறான 4கே ரிங்கை எடுத்துத் தந்துவிடக்கூடும்.

பூட்டும்போது ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, கடைசியில் சுமார் 6 கிலோகிராம்-மீட்டர் வரை டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வால்வு இடைவெளி எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்லெட் 0.20, எக்ஸோஸ்ட் 0.30 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொயின்ட் இடைவெளி 0.45 மி.மீ. சிலிண்டர்கள் எரியும் வரிசை (ஃபயரிங்) 1-3-4-2. தர்மோஸ்டாட் தேவையில்லை, நம் ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் ஓடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும், அந்த நேரமெல்லாம் கூடுதல் பெற்றோல் சிலிண்டர் சுவரில் ஒயிலைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

பெற்றோல் டேங்க்கைக் கழற்றி, உள்ளே வினாகிரி ஊற்றி, கைப்பிடி சரளைக்கல் போட்டு இரண்டு மூன்று நாள் உருட்டுங்கள். பிறகு அப்பச்சோடாத் தண்ணீரால் அலசி, அன்றே வெயிலில் காயவைத்து உள்ளே ஒயில் பூச வேண்டும், ஓர் இரவு தாமதித்தாலும் திரும்பக் கறள் பிடிக்கும். டேங்க்கில் வெல்டிங் வேலை இருந்தால், பெற்றோல் வாசம் துளியும் இல்லாமல் கழுவி, தண்ணீர் நிரப்பாமல் நெருப்புக்கிட்டக் கொண்டுபோகவே கூடாது. வண்டியை நிறுத்துகிற வேலையை முதலில் முடிப்பது நல்லது என்பதால், எஞ்சின் ஓடுவதற்கு முன் பிரேக். டிரம் எல்லாவற்றையும் கழற்றி, சில்லு சிலிண்டர் றப்பர்கள், மாஸ்டர் சிலிண்டர் றப்பர்கள், ஹோஸ்கள் அத்தனையும் புதுசு போடுங்கள். இதில் ஒரு ரூபாய் கூட மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காசு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். என் வேனில் செலவான ஒவ்வொரு நாலு ரூபாயிலும் மூன்று ரூபாய் தகரத்துக்கும் பெயின்டுக்கும் போனது, எஞ்சினும் பிரேக்கும் மிச்சம் ஒரு ரூபாய்க்குள் அடங்கியது. உங்கள் பணத்தையும் அப்படியே பிரித்து வையுங்கள்.

முதல் ஸ்டார்ட் நாளில் புது ஒயில், புது ஃபில்டர். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒயில் லைட் அணையும் வரை பாருங்கள், அதற்குப் பிறகுதான் பிளக்கைப் பூட்டுவது. ஓடத் தொடங்கியதும் இருபது நிமிடம் விட்டு, ரேடியேட்டரையும் கஸ்கட் ஓரத்தையும் கவனியுங்கள். அடுத்த நாள் காலை எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளைத் திரும்ப ஒருமுறை டோர்க் பாருங்கள். முதல் 1000 கிலோமீட்டருக்கு மணிக்கு 50 ஐத் தாண்டாமல், காத்தான்குடி, கல்லடி என்று கிட்டத்திலேயே ஓடுங்கள். அது முடிந்ததும் அந்த ஒயிலை இறக்கிவிடுங்கள், அதில் புது ரிங்கின் தூள் இருக்கும்.

படிக்குக் கீழ்ப் பெட்டித் தகரத்தைத் திறந்து பார்த்ததும், உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். மணல் இருந்தால் வெட்டத் தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை நான் ஆரையம்பதிக்கு வந்து பார்க்கிறேன்.